அப்பச்சி சொல்வதில் பாதி சரி

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கானாடுகாத்தான். பொங்கலுக்கும் கல்யாண விசேஷங்களுக்கும் சேர்த்து வருடத்தில் ஆறு வாரம் ஊரில் இருப்பேன். வீட்டில் நிறுத்திவைக்க ஒரு பழைய போர்ஷே 911 வாங்க ஆசை. சென்னையில் இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன். ஒன்று 2007 கரேரா எஸ்: கையால் கியர் போடுவது, ஹைட்ராலிக் ஸ்டியரிங். மற்றது 2017 கரேரா எஸ்: டர்போ, தானே கியர் மாற்றும் பி.டி.கே. கியர்பாக்ஸ், மின் ஸ்டியரிங், பெரிய திரை. "எலக்ட்ரானிக் சாமான் ஏற ஏற வண்டி கெட்டுத்தான் போகும், இங்கே யார் வந்து பார்ப்பது" என்கிறார் அப்பச்சி. பழையதில்தான் உயிர் இருக்கிறது என்று நண்பர்களும் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2007 வண்டியும் எலக்ட்ரானிக்ஸ் இல்லாத வண்டி அல்ல. அதில் ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது. மிதியில் இருக்கும் சென்சார் சொல்வதைக் கேட்டு, எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டிலைக் கம்ப்யூட்டர்தான் திறக்கிறது. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உண்டு, வழுக்கலைத் தடுக்கும் பி.எஸ்.எம். உண்டு, கடினத்தை மாற்றிக்கொள்ளும் பி.ஏ.எஸ்.எம். ஷாக் அப்சார்பரும் கரேரா எஸ்ஸில் கம்பெனியிலிருந்தே வந்தது. இவை எதுவுமே வேண்டாம் என்றால் 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40 மாதிரி ஒன்றைத் தேட வேண்டும். அதில் ஏ.பி.எஸ்ஸும் இல்லை, பவர் ஸ்டியரிங்கும் இல்லை. ஆகவே எலக்ட்ரானிக்ஸ் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அது கெட்டால் என்ன நடக்கும் என்று பார்ப்பதுதான் உங்களுக்கு உதவும்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பற்றி எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை. அது வண்டியை மேம்படுத்தியிருக்கிறது. 1978-இல் பாஷ் கம்பெனியின் ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது, 1995-இல் அதே கம்பெனியின் இ.எஸ்.பி. வந்தது. போர்ஷேயின் பி.எஸ்.எம். இந்த வகைதான். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, நான்கு சக்கரமும் என்ன வேகத்தில் சுழல்கின்றன என்பதை ஒப்பிட்டு, தேவையான ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் அது பிரேக் கொடுக்கும். வால் பக்கம் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடிக்கும். இதை எந்த ஓட்டுநராலும் செய்ய முடியாது. நம் காலடியில் இருப்பது ஒரே பிரேக் மிதி. அதன் கையில் நான்கு இருக்கிறது. 911-க்கு இது கூடுதல் முக்கியம், ஏனென்றால் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் சுழலப் பார்க்கும்.

உங்கள் ஊர்ச் சாலைகளில் ஒரு பக்கச் சக்கரம் தாரிலும் மறுபக்கம் ஓரத்துச் செம்மண் சரளையிலும் ஓடுவது அன்றாட நிலைமை. அறுவடை நாளில் பாதிச் சாலையில் நெல் காயும். இந்த மாதிரி இடது வலது பிடிமானம் வேறுபடும்போதுதான் ஏ.பி.எஸ்ஸும் பி.எஸ்.எம்மும் உயிரைக் காக்கும். ஆனால் முழுக்கச் சரளையில் பிரேக் பிடித்தால் ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடும். பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் கல்லைக் குவித்து அதிலேயே முட்டி நிற்கும், உருளும் சக்கரத்துக்கு அந்த உதவி கிடைக்காது. பதிலுக்கு ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும். மண் பாதையில் இடைவெளி அதிகம் விடுங்கள். இன்னொன்று: இந்தக் கருவி எதுவும் டயருக்கு இல்லாத பிடிமானத்தை உண்டாக்கித் தராது. நிறுத்திவைத்த வண்டியில் டயர் புதிதுபோலவே தெரியும், ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

எஞ்சினிலும் அப்படித்தான். சிலிண்டரில் பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்டினால், நாக் சென்சார் அதைக் கேட்டு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். சிறிது சக்தி குறையும், பிஸ்டன் பிழைக்கும். டர்போ வண்டிக்கு அதிக ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். அது கிடைக்காத பங்கில் அவசரத்துக்குப் போட்டுக்கொண்டு சென்னை வரை மெதுவாகப் போய்ச்சேர முடிவது இந்த ஒரு சென்சாரால்தான்.

ஸ்டியரிங்கில்தான் உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மை. 2007 வண்டியின் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் சாலையின் சிறு நடுக்கம் ரேக் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். முன்சக்கரம் பிடியை விடத் தொடங்குவதைக் கண்ணுக்கு முன் கை அறியும். 2011-இல் வந்த, 991 என்று பெயரிட்ட 911 தலைமுறையில் மின் மோட்டார் ஸ்டியரிங்குக்கு மாறினார்கள். ஹைட்ராலிக் பம்ப் நேராக ஓடும்போதும் எஞ்சினைத் தின்றுகொண்டே இருக்கும். மோட்டார் தேவைப்படும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும், எரிபொருள் மிச்சம். ஆனால் மோட்டாரின் சுழல் எடையும் உராய்வும் அந்தச் சிறு நடுக்கங்களை விழுங்கிவிடுகின்றன, மிச்சத்தை மென்பொருள் வடிகட்டிவிடுகிறது. முதல் வண்டிகள் வந்தபோது எழுந்த குறை நியாயமானது. பிறகு மென்பொருளைத் திருத்தினார்கள். உங்கள் 2017 வண்டி 991-இன் இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பைவிட நன்றாகவே பேசும். ஆனாலும் பழையதோடு சமம் என்று சொல்ல மாட்டேன். மெக்லாரன் இன்னும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கை விடாமல் வைத்திருப்பது பழைய பாசத்தால் அல்ல.

சத்தத்தில் நடக்கும் ஏமாற்றும் இந்த வகைதான். பி.எம்.டபிள்யூ எம்5-இல் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கொடுத்தார்கள். அது சமையலில் அஜினோமோட்டோ. போர்ஷே 991-இல் காற்று உறிஞ்சும் பாதையிலிருந்து ஒரு குழாய் மூலம் நிஜச் சத்தத்தை உள்ளே கொண்டுவந்தார்கள், அது பரவாயில்லை. 2017 வண்டியில் டர்போ இருப்பதால் பழைய எஞ்சினின் உச்ச ஸ்தாயி போய்விட்டது. அதற்கு எலக்ட்ரானிக்ஸ் மேல் பழி போட முடியாது.

ஸ்போர்ட் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடி – தேவகோட்டைப் பக்கத்து ஒட்டுப்போட்ட சாலையில் ஷாக் அப்சார்பரை ஸ்போர்ட்டில் வைத்தால் வண்டி வேகமாகாது. டயர் குதித்துக் குதித்துத் தரையை விட்டு எழும்பும், பிடிமானம் குறையும். எஞ்சினை ஸ்போர்ட்டில் வைத்துக்கொண்டு ஷாக்கை மட்டும் நார்மலில் விடலாம், அதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது. ஷோரூம்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பி.டி.கே.யில் இரண்டு கிளட்ச்சும் எண்ணெயில் நனைந்தே ஓடும். கை கியரைவிட வேகமாக மாற்றும், தவறான கியர் போட்டு எஞ்சினை உடைக்கவும் விடாது. அதன் எதிரி நடை வேகம். மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்தால் கிளட்ச் முழுதும் சேராமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், எண்ணெய் கொதிக்கும். பத்தடி இடைவெளி விட்டு, நின்று, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கில் நில்லுங்கள். கை கியர் வண்டிக்கும் அந்த ஊர்வலம் நல்லதல்ல. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு அம்பாசிடரை வாடகைக்கு எடுப்பதே உத்தமம்.

திரை, ஒளிரும் கதவு விளிம்பு, லேன் மாறினால் எச்சரிப்பது, முன்வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் குரூஸ் இவற்றுக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். கோடே இல்லாத சாலையில் எதிர்த்திசையில் மொபெட் வரும்போது லேன் எச்சரிப்புக்கு என்ன வேலை? திரைதான் வண்டியை முதலில் கிழவனாக்கும். பத்து வருடத்து எஞ்சின் இன்றும் எஞ்சின், பத்து வருடத்து வரைபடம் குப்பை. ஆனால் ஒரே ஒரு விருப்பச் சாமானுக்காக வண்டியையே தேர்ந்தெடுக்கலாம்: முன் அச்சைத் தூக்கும் லிஃப்ட். 991-இன் இரண்டாம் பதிப்பில் இது கிடைத்தது. பொத்தானை அழுத்தினால் சுமார் 5 வினாடியில் முன்பக்கம் 40 மி.மீ. உயரும். ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கும் சீமையில், முன் பம்பரின் அடி உதடு பிழைக்க இதைவிட நல்ல எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. நீங்கள் பார்த்த வண்டியில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி அப்பச்சியின் கவலை. கெட்டுப்போனால் யார் பார்ப்பது? உங்களுக்குப் பக்கத்தில் போர்ஷே சர்வீஸ் என்றால் சென்னை, பெங்களூரு, கொச்சிதான். சென்னை உங்களுக்குச் சுமார் 400 கி.மீ. ஆனால் எளிமையான பழைய வண்டி என்றால் புதுக்கோட்டை மெக்கானிக்கே பார்த்துவிடுவார் என்ற கணக்கு இங்கே உதவாது. 2007 கரேரா எஸ்ஸின் 3.8 லிட்டர் எஞ்சினுக்குப் பெயர்போன நோய் சிலிண்டர் சுவர் கீறல். அது முழுக்க உலோகமும் எண்ணெயும் சம்பந்தப்பட்டது, அதில் ஒரு மின்கம்பியும் இல்லை. வந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். எஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டின் பேரிங் என்று ஒரு பயமும் உண்டு. 2006-க்குப் பிறகு பெரிய பேரிங் போட்டதால் அந்த ஆபத்து குறைந்தது, ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் அதை மாற்ற வழியில்லை. 2009 மாடலிலிருந்து வந்த புது எஞ்சினில் இடைத்தண்டே கிடையாது.

பழைய வண்டிதான் வேண்டுமென்றால், ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டு ஆறு சிலிண்டரையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கருத்திருப்பது, எஞ்சின் சூடான பிறகும் டிக்டிக் என்று தட்டுவது, எண்ணெய் சீக்கிரம் குறைவது ஆகிய மூன்றும் கெட்ட சகுனம். பி.ஏ.எஸ்.எம். ஷாக் போய்விட்டது என்று சொன்னால் எலக்ட்ரானிக்ஸைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் போயிருப்பது எண்ணெய் சீல்தான்.

வாங்குவதற்கு முன் எலக்ட்ரானிக்ஸ் உங்களுக்குச் சாட்சி சொல்லும் என்பதையும் கவனியுங்கள். போர்ஷே ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஓவர்ரெவ் பதிவைக் கேளுங்கள். சிவப்புக் கோட்டைத் தாண்டி எஞ்சின் எத்தனை முறை சுற்றியது என்று ஆறு படிகளில் இருக்கும். முதல் இரண்டு படியில் எண்கள் இருந்தால் பயமில்லை. நான்கு, ஐந்து, ஆறில் இருந்தால் யாரோ ஐந்தாவதுக்குப் பதில் மூன்றாவது கியரைப் போட்டிருக்கிறார்கள். எஞ்சின் ஓடிய மொத்த மணி நேரமும் அங்கேயே இருக்கும். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை அதனால் வகுங்கள். 40,000 கி.மீ.க்கு 1,300 மணி என்றால் மணிக்குச் சராசரி 30, சென்னை நெரிசலுக்குச் சரி. 12, 13 என்று வந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். எஞ்சினை மட்டும் ஸ்கேன் செய்து தாளைக் கொடுத்தால் வாங்காதீர்கள், எல்லாப் பெட்டியும் வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கை மறைத்திருக்கலாம்.

சென்னை வண்டி என்பதால் வெள்ளத்தைத் தனியாகச் சொல்கிறேன். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. தண்ணீர் புகுந்த எலக்ட்ரானிக்ஸ் உடனே சாகாது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஒவ்வொரு கனெக்டராகப் பச்சை பூத்துச் சாகும், எந்த மெக்கானிக்காலும் துரத்திப் பிடிக்க முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை தேடுங்கள். சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள், முன்விளக்குக்குள் நீர்க்கோடு பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் பழையதும் புதியதும் ஒன்றே: நனைந்திருந்தால் வேண்டாம்.

இரண்டும் சோதனையில் தேறினால் என் வாக்கு 2017-க்கு, அதுவும் லிஃப்ட் இருந்தால். வருடத்தில் ஆறு வாரம் ஓட்டுகிறவருக்கு வண்டியோடு கை பழக நேரமில்லை. பழகாத கைக்கு அந்த பி.எஸ்.எம். வேண்டும். ஸ்டியரிங்கில் இழப்பது உண்மைதான், ஆனால் அதைச் சுவைக்க வாராவாரம் ஓட்ட வேண்டும். ஊரோடு வந்துவிடும் எண்ணமிருந்தால் பதிலை மாற்றிச் சொல்வேன்.

ஒரு நிபந்தனை. வண்டி நிற்கும் பத்து மாதத்தைச் சமாளிக்க வேண்டும். பூட்டி நிறுத்தினாலும் அலாரமும் பூட்டுப் பெட்டியும் சுமார் 40 மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-அவர். 80 ஆம்பியர்-அவர் பேட்டரி 40 நாளில் பாதியாகிவிடும், அப்படியே விட்டால் உள்ளே சல்ஃபேட் படிந்து மீளாது. முழுச் சார்ஜில் 12.7 வோல்ட் காட்ட வேண்டும், 12.4 என்றால் சார்ஜ் போட வேண்டும், 12-க்குக் கீழே போகவே விடக்கூடாது. மின்வேதியியலுக்கென்றே தேசிய ஆய்வகமான சிக்ரி காரைக்குடியில் இருக்க, பக்கத்து ஊரில் பேட்டரி செத்து ஒரு போர்ஷே நிற்பது வேடிக்கைதான்.

ஏ.ஜி.எம். வகைப் பேட்டரிக்கான முறை உள்ள 5 ஆம்பியர் தானியங்கிச் சார்ஜர் ஒன்றை ஷெட்டில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாகவே மறுபடி தொடங்கும் வகையாக வாங்குங்கள், சிலவற்றில் பொத்தானை மீண்டும் அமுக்க வேண்டியிருக்கும். நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரி முனையில் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு பிளக்கில் சர்ஜ் பாதுகாப்பு வேண்டும். சாவி இல்லாமல் திறக்கும் வசதி இருந்தால் சாவியை ஷெட் சுவரிலோ முகப்பிலோ தொங்கவிடாமல் இரண்டாம் கட்டுக்குள் வையுங்கள். பக்கத்தில் சாவி இருந்தால் வண்டி விழித்துக்கொண்டே இருக்கும்.

டிரைவரிடம் வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லாதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு இது. எண்ணெய் சூடாகாது, புகைக்குழாயில் தண்ணீர் தங்கும், ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரம்கூடப் பேட்டரிக்குத் திரும்பாது. மாதம் ஒருமுறை திருமயம் வழியாகப் புதுக்கோட்டை வரை போய்த் திரும்பட்டும். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

எலிக்கு வயரிங் மேல் தனிப் பிரியம். ஷெட்டில் நெல் மூட்டையும் கடலை மூட்டையும் வைக்காதீர்கள், ஓட்டைகளை 6 மி.மீ. கம்பி வலையால் அடையுங்கள். 911-க்கு எஞ்சின் பின்னால் என்பதால் எலி ஏறியது முன்மூடியைத் திறந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன் பம்பரின் இரண்டு மூலையிலும் ரேடியேட்டர் இருக்கிறது, வேப்பிலையும் புளிய இலையும் அங்கே குவிந்து மக்கி ஏ.சி. கன்டென்சரை அரிக்கும். வருடம் ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், காற்றோடும் துணி உறை போதும். ஸ்பேர் டயர் கிடையாது, பஞ்சர் திரவம்தான். பாட்டிலில் காலாவதி தேதி இருக்கும்.

இத்தனை செய்தும் ஒரு நாள் பேட்டரி செத்திருக்கலாம். இரண்டு வண்டிக்கும் பேட்டரி முன்மூடிக்குள் இருக்கிறது, முன்மூடியோ மின்சாரத்தில் திறப்பது. யாரும் கம்பி விட்டு நெம்பிவிடக் கூடாது. சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறக்க வேண்டும். காலடியில் உள்ள ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால் வெளியே இழுக்கக்கூடிய சிவப்பு முனை ஒன்று இருக்கும். அதில் வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவ், கதவுக் கொக்கியின் உலோகத்தில் நெகட்டிவ். அலாரம் கத்தும், ரிமோட்டில் திறந்தால் அடங்கும். பிறகு முன்மூடியின் பொத்தானை இழுத்தால் திறந்துகொள்ளும். அந்தச் சிவப்பு முனை மூடியைத் திறக்க மட்டும்தான். அதன் வழியாக வண்டியை ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் ஃப்யூஸ் எரியும். மூடி திறந்ததும் சார்ஜரின் பாசிட்டிவைப் பேட்டரியிலேயே போடுங்கள், நெகட்டிவ் முன்பு சொன்னபடி பாடி எர்த்தில். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு பி.எஸ்.எம். விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் அணைந்துவிடும். கண்ணாடி பாதியில் நின்றால் மேலே ஏற்றிப் பொத்தானைச் சில வினாடி பிடியுங்கள். இதை ஒரு தாளில் எழுதி ஷெட் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள், அப்பச்சி கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவு பெரிய எழுத்தில்.